பாபரும் மதுவும்

சாகிருதீன் முகம்மது பாபர் (பெப்ரவரி 14, 1483 – டிசம்பர் 26, 1530) இந்தியாவில் முகலாயப் பேரரசை நிறுவியவர் ஆவார். போர்வீரர், ஆட்சியாளர், கவிஞர், தோட்டங்களை அமைத்தவர் எனப் பல வகையில் அறியப்படும் இவர், தாம் உண்டவற்றையும் பருகியவற்றையும் சுவைத்து மதிப்பிட்டு எழுதி வைத்தவரும் ஆவார். எந்த ஊரின் திராட்சை மது வலிமையானது, எது பெயரளவில் மட்டும் சிறந்தது, எந்தப் பழம் புகழுக்குத் தக்கது, எது தகாதது என்பனவற்றைத் தமது தன்வரலாறான பாபர் நாமாவில் குறித்துள்ளார். இருபத்து மூன்று வயது வரை மதுவைத் தொடாதிருந்த பாபர், பின்னர் பெருங்குடியராகி, 1527இல் ஒரு போரின் விளிம்பில் நின்று மதுவை முற்றிலும் துறந்தார். இக்கட்டுரை அவரது வாழ்வை அந்தக் கோணத்தில் கூறுகிறது.

பாபர் நாமா

பாபர் தம் வரலாற்றைத் தமது தாய்மொழியான சகாத்தாய் துருக்கியில் எழுதினார். அவருடைய பேரன் அக்பரின் காலத்தில், 1589இல், அப்துல் ரகீம் கான்-இ-கானான் இதனைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்து முடித்தார். லேடன், எர்ஸ்கின் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1826இல் வெளிவந்தது. துருக்கி மூலத்திலிருந்து அனெட் பெவரிட்ஜ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1922இல் நிறைவுற்றது.

இந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. 1508 முதல் 1519 தொடக்கம் வரையிலான பகுதி உட்படப் பல ஆண்டுகளின் குறிப்புகள் இல்லை. பாபர் முதன்முதலாக மது அருந்திய நிகழ்வும் இந்த இடைவெளிக்குள் மறைந்துவிட்டது. கிடைக்கும் பகுதிகளில் ஊர்களை விவரிக்கும்போது அவர் பெரும்பாலும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றுகிறார். நிலம், நீர், காற்று, கனிகள், அவற்றிலிருந்து செய்யப்படும் மது, மக்கள் என்ற வரிசையில் செய்திகள் அமைகின்றன. தாம் நேரில் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் வேறுபடுத்திக் காட்டுவது அவரது வழக்கம்.

இளமை

பாபர் இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள அந்திசான் நகரில் பிறந்தார். தந்தை உமர் ஷேக் மிர்சா, பெர்கானா பள்ளத்தாக்கை ஆண்டவர், தைமூரின் வழித்தோன்றல். தாய் குத்லுக் நிகார் கானும், செங்கிஸ்கானின் வழிவந்த யூனுஸ் கானின் மகள்.

தந்தையைப் பற்றி எழுதும்போது அவருடைய குடிப்பழக்கத்தையும் பாபர் மறைக்கவில்லை. உமர் ஷேக் மிர்சா தொடக்கத்தில் மிகுதியாகக் குடித்தவர். பிற்காலத்தில் வாரத்திற்கு ஓரிரு முறை மதுவிருந்து நடத்தியவர். இறுதியில் மாஜூன் எனப்படும் போதை லேகியத்தில் பெருவிருப்பம் கொண்டவர். 1494 ஜூன் 8 அன்று அக்சி கோட்டையின் விளிம்பில் இருந்த புறாக்கூடு சரிந்து பள்ளத்தில் விழ, அதனுடன் விழுந்து அவர் இறந்தார். பதினொரு வயதுச் சிறுவனான பாபர் ஆட்சிக்கு வந்தார்.

சிறுவயதில் தந்தை மதுவை நீட்டியபோதெல்லாம் ஏதேனும் காரணம் கூறித் தவிர்த்ததாகப் பாபர் எழுதுகிறார். தந்தையின் மறைவுக்குப் பின் குவாஜா காசி என்னும் சமயப் பெரியவரின் வழிகாட்டலில் இருந்ததால், மதுவை மட்டுமன்றி, மார்க்க முறைப்படி ஐயத்திற்குரிய உணவையும் விலக்கி வந்தார்.

பெர்கானாவின் கனிகள் அவருடைய நாவைப் பழக்கின எனலாம். அந்திசானின் திராட்சை, முலாம்பழம், பேரிக்காய் ஆகியவற்றையும், மார்கிலான் ஊரின் மாதுளை, சர்க்கரைப் பாதாமி ஆகியவற்றையும் அவர் புகழ்கிறார். பாதாமியின் கொட்டையை எடுத்துவிட்டு அவ்விடத்தில் வாதுமைப் பருப்பை வைத்து உலர்த்தும் முறையையும் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் வேற்று நாட்டுக் கனி எதைச் சுவைத்தாலும் அவருக்கு இந்த இளமைக் காலச் சுவையே அளவுகோலாக இருந்தது.

சமர்கந்தும் புகாராவும்

தைமூரின் தலைநகராக விளங்கிய சமர்கந்தைப் பாபர் மூன்று முறை கைப்பற்றி மூன்று முறையும் இழந்தார். முதன்முறை 1497இல் ஏறத்தாழ நூறு நாட்களும், இரண்டாம் முறை 1500–1501இலும், மூன்றாம் முறை 1511–1512இலும் அந்நகர் அவர் வசம் இருந்தது. முகம்மது சைபானி கானின் தலைமையில் வந்த உஸ்பெக்கியர்களே அவரைத் தாயகத்திலிருந்து விரட்டியவர்கள்.

அண்டை நகரான புகாராவைப் பற்றிய குறிப்பில் அதன் முலாம்பழங்களையும், தோலுரித்து உலர்த்திப் பரிசுப் பொருளாக எடுத்துச் செல்லப்படும் ஆலுபுகாரா பழத்தையும் சிறப்பிக்கிறார். ஆமு, சிர் ஆறுகளுக்கு இடைப்பட்ட நாட்டில் செய்யப்படும் மதுவகைகளுள் புகாராவினுடையதே வலிமை மிக்கது என்பது அவரது முடிவு. சமர்கந்தில் தாம் மது அருந்திய காலத்தில் புகாரா மதுவையே பருகியதாகவும் கூறுகிறார். 1506 வரை அவர் குடித்ததில்லை என்பதால், இது மூன்றாம் முறை அந்நகரை ஆண்ட காலத்தையே குறிக்கும்.

ஹெராத் விருந்து

1504இல் பாபர் காபுலைக் கைப்பற்றினார். 1506இல், உஸ்பெக்கியருக்கு எதிராக உதவ அழைக்கப்பட்டு, தம் உறவினர்களான தைமூரிய இளவரசர்கள் ஆண்ட ஹெராத் நகருக்குச் சென்றார். அப்போது ஹெராத் கவிதைக்கும் ஓவியத்திற்கும் இசைக்கும் பெயர் பெற்ற நகராக இருந்தது. மதுவிருந்துகளுக்கும் அங்கே குறைவில்லை. அந்நகரை நீண்ட காலம் ஆண்டு அவ்வாண்டில் மறைந்த சுல்தான் உசேன் மிர்சா, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நண்பகல் தொழுகைக்குப் பின் குடிக்காத நாளே இல்லை என்றும், அரசரைப் பார்த்துப் பிள்ளைகளும் படைவீரர்களும் நகரத்தாரும் அவ்வாறே ஆயினர் என்றும் பாபர் குறிக்கிறார்.

மூத்த இளவரசர் பதியுஸ் சமான் அளித்த விருந்தில் பாபருக்கு மது வழங்கப்படவில்லை. அவர் குடிக்காதவர் என்று அறிந்து எவரும் வற்புறுத்தவில்லை. அவ்வவையில் பொரித்த வாத்தை அறுத்து உண்ணும் முறை தெரியாமல் பாபர் கையை வைத்துக்கொண்டிருக்க, பதியுஸ் சமானே அறுத்துக் கொடுத்தார். இளைய இளவரசர் முசாபர் மிர்சாவின் விருந்திலோ மது ஆறாக ஓடியது. பாபருக்கும் ஆசை எழுந்தது. இத்தகைய நகரில் குடிக்காவிட்டால் வேறு எங்கே குடிப்பது என்று எண்ணியதாக அவரே ஒப்புக்கொள்கிறார். ஆயினும் மூத்தவரின் அவையில் பருகாததை இளையவரின் கையால் பெற்றால் மூத்தவர் வருந்தக்கூடும் என்று தயங்கினார். இருவரும் ஒன்றாக இருக்கும் வேளையில் பருகலாம் என்று முடிவாயிற்று. அது நிறைவேறுமுன் பாபர் ஹெராத்தை விட்டுப் புறப்பட்டார். பனி மூடிய மலைவழியே பெரும் துன்பத்திற்குப் பின் காபுல் சேர்ந்தார்.

காபுல்

1519இல் பாபர் நாமா மீண்டும் தொடங்கும்போது, பாபர் முப்பத்தைந்து வயதை அடைந்து, நாள்தோறும் மதுவிருந்தில் கலந்துகொள்ளும் மனிதராகக் காட்சியளிக்கிறார். காபுலின் சுற்றுப்புறங்களில் தோட்டங்களை அமைத்து, ஓடைகளைச் சீர்படுத்தி, மரங்களை நட்டார். புளிப்புச் செர்ரிக் கன்றுகளை வரவழைத்து நட்டதும், கரும்பைப் பயிரிடச் செய்ததும் அவர் பெருமையுடன் குறிக்கும் செயல்கள். விருந்துகள் பெரும்பாலும் இத்தோட்டங்களிலும் ஆற்றில் மிதக்கும் தெப்பங்களிலும் நடைபெற்றன.

மதுவகைகள் பற்றிய மதிப்பீடு

காபுல் நாட்டை விவரிக்கும் பகுதியில் பல பள்ளத்தாக்குகளின் மதுவைப் பற்றித் தனித்தனிக் குறிப்புகள் உள்ளன.

தரா-இ-நூர் பள்ளத்தாக்கில் அர்ரா-தாஷி, சுஹான்-தாஷி என இரு மதுவகைகள் புகழ் பெற்றிருந்தன. முன்னது மஞ்சள் நிறமுடையது. பின்னது அழகிய சிவப்பு. இவ்விரண்டில் மஞ்சள் மதுவே மேல் என்றும், ஆனால் இரண்டுமே அவற்றுக்குள்ள புகழுக்கு ஈடானவை அல்ல என்றும் பாபர் மதிப்பிடுகிறார். நிறம், தரவரிசை, புகழுக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி ஆகிய மூன்றும் இந்தச் சிறு குறிப்பில் அடங்கியுள்ளன.

நிஜ்ராவ் மக்கள் மதுவைக் காய்ச்சிப் பருகுவதாகக் கூறுகிறார். காபிரிஸ்தான் மலைமக்கள் ஒவ்வொருவரும் கழுத்தில் தோலாலான மதுப்பையைத் தொங்கவிட்டிருப்பர் என்றும், தண்ணீருக்குப் பதிலாக மதுவையே அருந்துவர் என்றும் எழுதுகிறார்.

காபுல் நகருக்கு அருகில் உள்ள குவாஜா காவந்த் சயீத் மலைச்சரிவின் மது மிகவும் வலிமையானது என்று பெயர் பெற்றது. ஆனால் இதனைப் பற்றி எழுதும்போது பாபர் மதுவைத் துறந்துவிட்டார். ஆகவே, பிறர் புகழ்வதையே தாம் இப்போது திருப்பிச் சொல்ல முடியும் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுகிறார்.

மலைநாட்டு பீர்

காபுலுக்குக் கிழக்கே உள்ள மலைநாட்டில் தானியத்திலிருந்து வீட்டளவில் காய்ச்சப்படும் ஒரு வகை பீரையும் பாபர் ஆராய்ந்துள்ளார். கிம் எனப்படும் உறைபொருளே இதன் உயிர். பல மூலிகைகளையும் மருந்துப் பொருள்களையும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் துளையிட்ட வட்ட ரொட்டி போல உருவாக்கி, உலர்த்திச் சேமித்து வைப்பர். பீர் புளிக்க வேண்டிய வேளையில் இது சேர்க்கப்படும். மதுவகைகளுக்கு உறைபொருளை வில்லையாக உலர்த்தி வைக்கும் இம்முறை, இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கு இந்தியாவிலும் அரிசி, கேழ்வரகு மதுக்களைச் செய்வதற்கு இன்றும் கையாளப்படுகிறது.

இந்த பீர் வியக்கத்தக்க போதை தருவது என்றும், ஆனால் கசப்பும் வெறுப்பூட்டும் சுவையும் உடையது என்றும் பாபர் கூறுகிறார். தாம் பருக முயன்று, கசப்பைத் தாங்க முடியாமல் சிறிது மாஜூனை உண்டார். பின்னர் மற்றொரு தெப்பத்தில் இருந்த தோழர்களைக் குடிக்கச் சொல்லி, அவர்கள் அடைந்த நிலையைக் கவனித்து எழுதினார்.

குடியின் கேடுகள்

பாபர் தம் குடியின் இழிந்த பக்கத்தையும் மறைக்கவில்லை. 1519இல் பஞ்சாபின் பேரா நகருக்கு அருகே ஜீலம் ஆற்றில் படகில் இரவு வரை சாராயம் பருகிய பின், கையில் தீவட்டியுடன் குதிரையைக் கடிவாளம் தளர்த்தி விரட்டிக்கொண்டு முகாமுக்குத் திரும்பினார். மறுநாள் பிறர் கூறியபோது அதில் எதுவும் அவருக்கு நினைவில்லை. கூடாரத்தை அடைந்ததும் பெரிதும் வாந்தியெடுத்ததையும் எழுதியுள்ளார்.

மற்றொரு படகு விருந்தில் சாராயம் குடித்தவர்கள் ஒரு முனையிலும் மாஜூன் உண்டவர்கள் மறுமுனையிலும் அமர்ந்தனர். இரு சாராருக்கும் இடையே ஏளனப் பேச்சு முற்றி, விருந்து சீர்குலைந்தது. இவ்விரு போதைகளும் ஓர் அவையில் ஒத்துப்போகா என்பது இதிலிருந்து அவர் பெற்ற பாடம்.

நாற்பது வயதில் குடியை விட்டுவிட வேண்டும் என்பது அவரது எண்ணமாக இருந்தது. 1520ஆம் ஆண்டளவில், அந்த வயதுக்கு ஓராண்டுக்கும் குறைவாகவே உள்ளது என்று கருதி, முன்னினும் மிகுதியாகக் குடித்தார். இது இசுலாமியச் சந்திர ஆண்டுக் கணக்கிலான வயதாகும். நாற்பதும் கடந்தது, பழக்கம் தொடர்ந்தது.

இந்தியா

1526 ஏப்ரல் மாதம் பானிபட் போரில் இப்ராகிம் லோதியை வென்று பாபர் தில்லியையும் ஆக்ராவையும் அடைந்தார். இந்துஸ்தானத்தைப் பற்றிய அவரது மதிப்பீடு புகழ் பெற்றதாகும். பரந்த நிலம், நிறைந்த பொன்னும் வெள்ளியும், எண்ணற்ற கைவினைஞர்கள், மழைக்காலத்தின் இனிய காற்று ஆகியன இந்நாட்டின் சிறப்புகள். திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை, குளிர்ந்த நீர் இல்லை என்பன அவர் கண்ட குறைகள். வெப்பத்தைத் தாங்காமல் அவருடைய படைத்தலைவர்கள் பலர் திரும்பிச் செல்ல விரும்பினர். நெருங்கிய நண்பரான குவாஜா கலான் விடைபெற்று மேற்கே சென்றுவிட்டார்.

மாவும் பலாவும்

மாம்பழம் நல்லதாக அமைந்தால் மிக நன்றாக இருக்கும். ஆனால் முதல்தரமானவை குறைவு என்கிறார். காயாகவே பறித்து வீட்டில் வைத்துப் பழுக்கச் செய்வதையும், காய் ஊறுகாய்க்கு ஏற்றது என்பதையும் குறிக்கிறார். முலாம்பழம் நீங்கலான எல்லாக் கனிகளினும் மா உயர்ந்தது என்று சிலர் கூறுவதை எடுத்துக்காட்டி, அந்த அளவுக்கு அது தமக்குத் தோன்றவில்லை என்று மறுக்கிறார். பழத்தைக் கசக்கித் துளையிட்டு உறிஞ்சுவது, தோலுரித்து உண்பது என்னும் இரு முறைகளும் அவர் கண்ணில் பட்டுள்ளன.

பலாப்பழத்தின் தோற்றத்தை ஆட்டின் இரைப்பைக்கு ஒப்பிடுகிறார். அது திகட்டும் இனிப்புடையது என்றும், பிசின் ஒட்டாதிருக்கச் சிலர் கையிலும் வாயிலும் எண்ணெய் தடவிக்கொண்டு உண்பர் என்றும் எழுதுகிறார்.

ஈச்சங்கள்ளும் பனங்கள்ளும்

தமிழ் வாசகர்களுக்கு மிக அண்மையானது பாபர் ஈச்சமரத்தையும் பனைமரத்தையும் பற்றி எழுதிய பகுதியாகும். ஈச்சமரத்தின் தலைப்பகுதியில் வெட்டி, வெட்டுவாயில் ஓலையைச் செருகி, அதன்வழி வடியும் சாற்றைக் கலயத்தில் சேர்க்கும் முறையை அவர் படிப்படியாக விவரிக்கிறார். அச்சாறு உடனே பருகினால் சற்று இனிப்பாகவும், மூன்று நான்கு நாட்களுக்குப் பின் போதையூட்டுவதாகவும் இருக்கும் என்பது அவர் கேட்ட செய்தி.

கேட்டதுடன் அவர் நிற்கவில்லை. பாரி என்னும் ஊருக்குச் சென்றிருந்தபோது, சம்பல் ஆற்றங்கரைச் சிற்றூர்களில் ஈச்சங்கள் இறக்குபவர்களைச் சந்தித்து, தோழர்களுடன் நிறையவே குடித்துப் பார்த்தார். பெரிய களிப்பு எதுவும் உண்டாகவில்லை. சிறிதளவு மகிழ்ச்சிக்கே மிகுதியாகக் குடிக்க வேண்டும் போலும் என்பது அவரது தீர்ப்பு.

பனையை விவரிக்கும்போது, ஈச்சையினும் நேராக உயர்ந்த அதன் தண்டையும், ஓரிடத்திலிருந்து விரியும் முப்பது நாற்பது ஓலைகளையும் குறிப்பிடுகிறார். அந்த ஓலைகளில் நூல் எழுதுவதையும், காதணி அணியாதபோது காதின் பெருந்துளையில் பனையோலைச் சுருளைச் செருகிக்கொள்வதையும், அதற்கான ஓலைகள் கடைத்தெருவில் விற்கப்படுவதையும் கண்டிருக்கிறார். பனங்கள் ஈச்சங்கள்ளை விட மிகுந்த களிப்புத் தரும் என்று மக்கள் சொல்வதாக மட்டும் எழுதுகிறார். ஈச்சங்கள்ளைப் போல் இதைத் தாம் குடித்துப் பார்த்ததாகக் கூறவில்லை.

தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களின் பனைத்தொழிலை அறிந்தோர் பாபரின் குறிப்பு எவ்வளவு சரியானது என்பதை உணரலாம். பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராகிறது. சுண்ணாம்பு இல்லையெனில் காற்றில் உள்ள நொதிகளால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிக் கள்ளாகிறது. பாபர் இந்த வேதியியலை அறிந்தவர் அல்லர். ஆயினும், ஒரே சாறு நேரத்திற்கு ஏற்ப இருவேறு பானங்களாகிறது என்பதை அவர் விளங்கிக்கொண்டிருந்தார்.

நஞ்சூட்டல் முயற்சி

இந்திய உணவின் சுவையறிய விரும்பியது பாபரின் உயிருக்கே ஆபத்தாக முடிந்தது. இப்ராகிம் லோதியின் ஐம்பது அறுபது சமையற்காரர்களை வரவழைத்து, அவர்களுள் நால்வரைத் தம் அடுக்களையில் அமர்த்தினார். இதனை அறிந்த இப்ராகிமின் தாய், அகமது என்னும் உணவுச் சுவைப்பாளர் மூலம் சமையற்காரர் ஒருவரை வசப்படுத்தினார். அரசர் உண்ணுமுன் உணவைச் சுவைத்து உறுதிசெய்வதே அத்தகைய பணியாளரின் கடமை. அதே பணியிலிருந்தவரே இச்சதியின் கருவியானார்.

1526 டிசம்பர் 21, வெள்ளிக்கிழமை அன்று, ஒரு தோலா எடையளவு நஞ்சில் பாதி மட்டும் உணவில் தூவப்பட்டது. அச்சத்தில் மீதி அடுப்பில் கொட்டப்பட்டது. முயல் இறைச்சி முதலியவற்றை உண்ட பாபர் வாந்தியெடுத்தார். உண்டபின் வாந்தியெடுப்பது தமக்கு வழக்கமில்லை என்பதால் ஐயம் கொண்டு, அதனை ஒரு நாய்க்கு இடச் செய்தார். நாயின் வயிறு வீங்கி அது கிறங்கிக் கிடந்தது. அதே உணவை உண்ட இரு வீரர்களும் நோயுற்றுப் பின் பிழைத்தனர். சுவைப்பாளர் துண்டுதுண்டாக வெட்டப்பட்டார். சமையற்காரர் உயிருடன் தோலுரிக்கப்பட்டார். உடந்தையாயிருந்த பெண்களுள் ஒருவர் யானைக் காலில் இடப்பட்டார், மற்றொருவர் சுடப்பட்டார். உயிர் எவ்வளவு இனியது என்பதை அன்றுதான் அறிந்ததாகப் பாபர் எழுதுகிறார்.

மது துறத்தல்

நஞ்சிலிருந்து மீண்ட இரு மாதங்களில் பாபர் மேவாரின் ராணா சங்காவை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ராணாவின் படை பெரியது. தம் படையில் அச்சம் பரவியிருந்தது. காபுலிலிருந்து வந்த முகம்மது சரீப் என்னும் சோதிடர், கோள்நிலை பாதகமாக உள்ளது என்று வெளிப்படையாகக் கூறி அச்சத்தைப் பெருக்கினார்.

1527 பெப்ரவரி 25 அன்று, படைநிலைகளைப் பார்வையிடக் குதிரையில் செல்லும்போது, பாபர் தம் வாழ்வை எண்ணிப் பார்த்து மதுவைத் துறக்க உறுதிபூண்டார். பொன், வெள்ளிக் கிண்ணங்களும் குடுவைகளும் வரவழைக்கப்பட்டு உடைக்கப்பட்டன. துண்டுகள் ஏழைகளுக்கும் துறவிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன. அன்றும் மறுநாளும் ஏறத்தாழ முந்நூறு பேர் அவருடன் சேர்ந்து மதுவைத் துறந்தனர். கையிலிருந்த மது தரையில் கொட்டப்பட்டது. பாபா தோஸ்து என்பவர் கஜினியிலிருந்து மூன்று ஒட்டக வரிசைகளில் கொண்டுவந்திருந்த மதுவில் உப்பைக் கலந்து காடியாக்குமாறு ஆணையிடப்பட்டது. மது கொட்டப்பட்ட இடத்தில் படிக்கிணறு ஒன்றைத் தோண்டவும், அதனருகே அறச்சாலை கட்டவும் பாபர் நேர்ந்துகொண்டார். 1528இல் குவாலியர் செல்லும் வழியில் அப்பணி நிறைவுற்றிருந்ததைக் கண்டார்.

தமக்குட்பட்ட நாடுகளில் முசுலிம்களிடமிருந்து பெறப்பட்ட தம்கா எனும் வணிக வரியையும் இதனுடன் நீக்கினார். ஷேக் சைன் எழுதிய அரசாணை நாடெங்கும் அனுப்பப்பட்டது. 1527 மார்ச் மாதம் கான்வா போரில் பாபர் வென்றார்.

இத்துறவு சமயப் பற்றினால் விளைந்ததா, படையினரின் மனவுறுதியைக் கூட்டும் உத்தியா என்பது விவாதிக்கப்படுவதுண்டு. இரண்டும் சேர்ந்தே இருந்தன என்று கொள்ள இடமுண்டு. நாற்பதில் விட நினைத்து விட முடியாததை, தோல்வியின் நிழல் விடச் செய்தது. மாஜூனை அவர் துறந்தாரில்லை. அதனை உண்ட குறிப்புகள் பின்னரும் காணப்படுகின்றன.

துறவுக்குப் பின்

மதுவை விட்டது பாபருக்கு எளிதாக இருக்கவில்லை. 1529 பெப்ரவரியில் குவாஜா கலானுக்கு எழுதிய கடிதத்தில் இதனை மனம் திறந்து கூறுகிறார். இரண்டாண்டுகளாக மதுவிருந்தின் ஏக்கம் தம்மை அளவின்றி வாட்டியதாகவும், பலமுறை கண்ணீரின் விளிம்புக்குக் கொண்டுசென்றதாகவும் எழுதுகிறார். அவ்வாண்டில் அந்த ஏக்கம் நீங்கிவிட்டது என்றும், குவாஜா அஹ்ரார் எழுதிய வாலிதிய்யா என்னும் சமய நூலைச் செய்யுளாக மொழிபெயர்த்த நற்பேற்றால் அது நீங்கியிருக்கலாம் என்றும் கருதுகிறார். நண்பரையும் மதுவை விடுமாறு அறிவுறுத்துகிறார். நல்ல தோழர்களுடன் குடிப்பது இன்பமே. ஆனால் அத்தகைய தோழர் இப்போது உம் அருகில் யார் உளர் என்பது அவர் முன்வைக்கும் வாதம்.

அதே கடிதத்தில் ஒரு முலாம்பழத்தைப் பற்றிய செய்தியும் உள்ளது. தமக்குக் கொண்டுவரப்பட்ட முலாம்பழத்தை அறுத்து உண்டபோது, தாம் விட்டு வந்த நாட்டின் நினைவு மேலிட, அழுகையை அடக்க முடியவில்லை என்கிறார். காபுலின் கோட்டையைச் சீர்செய்தல், தோட்டங்களில் நல்ல கன்றுகளை நடுதல் முதலியன பற்றியும் அக்கடிதத்தில் ஆணைகள் காணப்படுகின்றன.

ஆக்ராவில் அவர் அமைத்த ஹஸ்த் பிஹிஸ்த் தோட்டத்தில் பால்க்கு நாட்டு உழவர் ஒருவரைக் கொண்டு முலாம்பழம் பயிரிடச் செய்தார். 1529இல் சிறிய, ஆனால் நல்ல பழங்கள் கிடைத்தன. அங்கு நட்ட திராட்சைக் கொடிகளும் நன்றாகவே காய்த்தன. இந்துஸ்தானத்தில் முலாம்பழமும் திராட்சையும் இவ்வாறு விளைந்தது தமக்கு மனநிறைவு தந்ததாகக் குறிப்பிடுகிறார். அத்திராட்சையை அவர் மதுவாக்கவில்லை; கனியாகவே உண்டார்.

இறப்பு

பாபர் 1530 டிசம்பர் 26 அன்று ஆக்ராவில் இறந்தார். முதலில் அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட அவரது உடல், பின்னர் அவர் விருப்பப்படி காபுலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு மலைச்சரிவில் உள்ள தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவ்விடம் பாபர் தோட்டம் என வழங்கப்படுகிறது.

அவருடைய மகன் உமாயூன் அபினுக்கு அடிமையானவர். கொள்ளுப்பேரன் சகாங்கீர், கொள்ளுப்பாட்டனாரைப் போலவே தன்வரலாறு எழுதினார். பதினெட்டு வயதில் தொடங்கிய தம் குடி நாளொன்றுக்கு இருபது கிண்ணம் வரை வளர்ந்ததையும், கை நடுங்கத் தொடங்கியபின் மருத்துவர் எச்சரிக்கையால் அதனைக் குறைத்ததையும் அதில் பதிவு செய்துள்ளார்.

மதிப்பீடு

மதுவைச் சுவைத்துப் பரிந்துரைப்பது இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்துள்ளது. நிறம், மணம், வலிமை, விளைந்த நிலம் ஆகியவற்றைக் கொண்டு மதுவை மதிப்பிடுவோர், பெயர்ச்சீட்டில் உள்ள புகழ் தம் தீர்ப்பைத் திரிக்காதிருக்கப் புட்டியை மறைத்து வைத்துச் சுவைக்கின்றனர். பாபருக்கு அத்தகைய பயிற்சியோ முறையோ கிடையாது. ஆயினும் புகழ் வேறு, சுவை வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார். தரா-இ-நூர் மதுவும் மாம்பழமும் அவரிடம் அதே தேர்வுக்கு உள்ளாயின.

அவரது குறிப்புகளை நம்பத்தக்கவையாக ஆக்குவது இந்த நேர்மையே ஆகும். ஈச்சங்கள்ளைக் குடித்தார், ஆகவே தீர்ப்புக் கூறினார். பனங்கள்ளைப் பற்றிக் கேட்டதை, மக்கள் சொல்வதாகவே எழுதினார். காபுல் மலைச்சரிவின் மதுவைப் பற்றி எழுதும் வேளையில் தாம் குடிப்பதை விட்டுவிட்டதால், புகழுரை பிறருடையது என்றார். இன்பத்தை எழுதிய அதே கையால் வாந்தியையும் மறதியையும் எழுதினார். துறந்ததை எழுதிய பின் துறவின் ஏக்கத்தையும் எழுதினார். பதினாறாம் நூற்றாண்டு ஆசியாவின் உணவு, பான வரலாற்றை ஆராய்வோர்க்குப் பாபர் நாமா இன்றும் முதன்மையான மூலங்களுள் ஒன்றாக விளங்குகிறது.